உயிரூட்டும் குறுந்தட்டு: ஒரு மதிப்பீடு

வீட்டின் பூட்டுப் பழுதாகிக் கதவு திறக்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டுச் சரிசெய்பவரை அழைக்கிறீர்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம், உள்ளே இருக்கும் சாமான்களை மட்டும் மறந்துவிடுங்கள்" என்று சொன்னால் உங்களுக்கு எப்படியிருக்கும்? சிரிப்பீர்கள், அல்லது சினம் கொள்வீர்கள். ஆனால் கணிப்பொறி இயங்க மறுக்கும்போது ஏறத்தாழ இதே அறிவுரையைத்தான் நம்மில் பலர் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறோம். "ஓ.எஸ். போய்விட்டது சார், ஃபார்மேட் போட வேண்டியதுதான், உள்ளே இருப்பது கிடைக்காது" என்ற ஒரே வாக்கியத்தில் பல மாத உழைப்பு அழிந்துபோவதை நான் கண்டிருக்கிறேன்.

பூட்டு வேறு, வீடு வேறு, வீட்டுக்குள் இருக்கும் பொருள் வேறு. இந்த எளிய உண்மையைச் செயலில் காட்டிய படைப்பு ஒன்று உண்டு. ஜெர்மானியப் பொறியாளர் கிளவுஸ் க்னாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'க்னாப்பிக்ஸ்' என்னும் குறுந்தட்டே அது. இதைக் கணிப்பொறியில் இட்டு மின்சாரத்தைப் போட்டால், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் தயவு இல்லாமலே கணிப்பொறி எழுந்து நடமாடும். ஆகவே இவ்வகைத் தட்டுகளை 'லைவ் சி.டி.' என்று அழைக்கிறார்கள். நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் மதிப்புரை எழுதும் நாம், இத்தகைய படைப்பு ஒன்றின் நிறைகுறைகளையும் எடைபோட்டுப் பார்த்தால் என்ன?

கணிப்பொறி 'சாவது' எப்படி?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். பிறகு மருந்தை மதிப்பிடலாம். மின்சாரம் பாய்ந்தவுடன், தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் நிரல் விழித்துக்கொள்கிறது. அது நினைவகம், விசைப்பலகை, திரை முதலியவற்றை ஒருமுறை சரிபார்க்கிறது. பிறகு, எங்கேனும் ஓர் இயக்க முறைமை இருக்கிறதா என்று தேடி, அதை நினைவகத்திற்குள் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. அதற்குப் பின் நீங்கள் காணும் படங்கள், கோப்புறைகள் யாவும் அந்த இயக்க முறைமையின் ஏற்பாடுகளே.

இந்தச் சங்கிலி மூன்று இடங்களில் அறுந்துபோகலாம். ஒன்று, இயக்க முறைமையின் கோப்புகள் சிதைந்திருக்கலாம். வைரஸ் காரணமாகவோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றதாலோ இது நேரும். இரண்டு, ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டே பழுதாகியிருக்கலாம். மூன்று, தாய்ப்பலகை, மின்வழங்கி போன்ற மற்றப் பகுதிகள் பழுதாகியிருக்கலாம். இம்மூன்றையும் பயனர் ஒன்றாகவே காண்கிறார். திரை இருண்டுவிட்டது; அவ்வளவுதான்! ஆனால் முதல் வகையில் உங்கள் கட்டுரையும் படங்களும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. அவற்றை எடுத்துத்தரும் நிரல்தான் மயங்கிக் கிடக்கிறது. வெளியிலிருந்து வேறொரு நிரலைக் கொண்டுவந்தால் போதும், கதவு திறந்துவிடும்.

இந்த எண்ணம் க்னாப்பருக்கு முன்பே தோன்றியதுதான். 1992இலேயே 'இக்ட்ராசில்' என்ற லினக்ஸ் தொகுப்பு குறுந்தட்டிலிருந்து இயங்கிக் காட்டியது. எனினும் அதைத் தொடங்கிவைக்க ஃபிளாப்பி ஒன்றும் தேவைப்பட்டது. கணிப்பொறி குறுந்தட்டிலிருந்து நேரடியாகத் தொடங்குவதற்கான பொது நெறிமுறை 'எல் டொரிட்டோ' என்ற பெயரில் 1995இல் வகுக்கப்பட்டது. பாதை அமைந்துவிட்டது. ஆனால் அப்பாதையில் சாதாரண மனிதரும் நடக்க முடியும் என்று காட்டியதில் க்னாப்பிக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

எழுத முடியாத தட்டில் ஓர் இயக்க முறைமை

இதில் உள்ள இடர்ப்பாடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அச்சிட்ட குறுந்தட்டில் எதையும் எழுத முடியாது. ஆனால் எந்த இயக்க முறைமையும் ஓடும்போது ஓயாமல் எதையாவது குறித்துக்கொண்டே இருக்கும். தட்டின் கொள்ளளவோ சுமார் 700 மெகாபைட். அதன் வேகமும் குறைவு. அடிப்படை வேகம் வினாடிக்கு 150 கிலோபைட். '52 மடங்கு' என்று விளம்பரப்படுத்தப்பட்ட கருவிகூட, மிக நல்ல நிலையில், வினாடிக்கு ஏறத்தாழ 7,800 கிலோபைட்தான் தரும். மேலும், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கணிப்பொறிகளில் திரை, ஒலி, வலைப்பின்னல் கருவிகள் யாவும் வெவ்வேறு வகையின. முன்பின் தெரியாத ஒரு கணிப்பொறியில் நுழைந்தவுடன் அவை அனைத்தையும் இனங்கண்டாக வேண்டும்.

எழுதும் வேலை முழுவதையும் நினைவகத்தின் ஒரு பகுதிக்கு மாற்றியது முதல் தீர்வு. மின்சாரத்தை நிறுத்தினால் அது மறைந்துவிடும். ஆகவே அடுத்த முறை தட்டு பழையபடி தூய்மையாகவே தொடங்கும். கோப்புகளைச் சுருக்கிப் பதிந்துவைத்து, வாசிக்கும்போதே விரித்துக்கொள்வது இரண்டாவது தீர்வு. இதனால் ஏறத்தாழ 2 ஜிகாபைட் அளவுள்ள நிரல்கள் 700 மெகாபைட்டுக்குள் அடங்கின. இதில் பௌதிக மாணவர் ரசிக்கத்தக்க ஒரு நயம் உண்டு. சுருக்கியதை விரிக்க நேரமாகும், ஆகவே வேகம் குறையும் என்றுதானே நினைப்போம்? நடப்பது இதற்கு நேர்மாறானது. வாசிக்கும் கருவி மந்தமானது. கணக்கிடும் செயலியோ மிக விரைவானது. குறுகிய வாசல் வழியே மூட்டையாகக் கட்டிய சாமானை உள்ளே கொண்டுவந்து, உள்ளே போன பிறகு அவிழ்த்து வைப்பதைப் போன்றது இது. வாசலில் மிச்சமாகும் நேரம், அவிழ்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிட அதிகம்.

மூன்றாவது இடர்ப்பாட்டை, கருவிகளைத் தானே ஆராய்ந்து அறியும் நிரல்களால் அது வென்றது. லினக்ஸை நிறுவுவதே பெரும் வித்தை என்று கருதப்பட்ட நாட்களில், ஒரு கேள்வியும் கேட்காமல் சில நிமிடங்களில் முழுத் திரையையும் விரித்துக் காட்டிய இந்தத் தட்டு, பார்த்தவர்களை வியக்கவைத்ததில் வியப்பில்லை.

எட்டு வார அளவீடுகள்

இனி, பயன்பாட்டில் அது எப்படி என்று காண்போம். 2016இல் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருவர், மண் மாதிரிகளில் உள்ள இயற்கைக் கதிரியக்கத்தைக் கெய்கர்-முல்லர் எண்ணி கொண்டு அளந்து வந்தார். எட்டு வார அளவீடுகள் ஆய்வுக்கூடத்தின் பழைய கணிப்பொறியில் இருந்தன. ஒரு நாள் மாலை மின்வெட்டு. மறுநாள் காலை கணிப்பொறி எழவில்லை. வந்து பார்த்த பழுது நீக்குபவர் வழக்கமான தீர்ப்பையே சொன்னார். அந்த மாணவி வாசற்படியில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நின்றுகொண்டிருந்தார். முதல் வாரத்து எண்களை மட்டும் அதில் கையால் எழுதி வைத்திருந்தார். "மறுபடியும் எடுக்க நாள் இல்லை சார்" என்றார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரமே இருந்தது.

ஃபார்மேட் செய்ய நான் அனுமதிக்கவில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த க்னாப்பிக்ஸ் தட்டை உள்ளே இட்டேன். திரை விரிந்தது, ஹார்டு டிஸ்க்கின் படம் தோன்றியது. அதைத் திறந்தால், அவருடைய கோப்புறை வைத்த இடத்திலேயே இருந்தது! அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து, அவருடைய நோட்டில் இருந்த முதல் வாரத்து எண்களோடு ஒப்பிட்டோம். ஓர் எண்கூடப் பிசகவில்லை. அதன் பிறகே பழுது நீக்குபவரைக் கூப்பிட்டு, "இனி நீங்கள் ஃபார்மேட் செய்யலாம்" என்றேன்.

இந்தப் படைப்பின் முதல் நிறை இதுவே. அது அச்சத்தைப் போக்குகிறது. நிதானமாக முடிவெடுக்க அவகாசம் தருகிறது. இரண்டாவது நிறையும் உண்டு. தொடக்ககாலப் பதிப்புகளில் ஹார்டு டிஸ்க் 'படிக்க மட்டும்' என்ற நிலையிலேயே திறக்கப்பட்டது. எழுத வேண்டுமானால் பயனர் தாமே அந்நிலையை மாற்ற வேண்டும். அவசரத்தில் கை நடுங்கும் மனிதருக்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு இருக்க முடியாது. மூன்றாவது நிறையையும் சொல்லியாக வேண்டும். பின்னர் வந்த பதிப்புகளில், பார்வையற்றோர் செவிவழி கேட்டுப் பயன்படுத்தும் பேசும் பட்டியல் ஒன்றைக் க்னாப்பர் சேர்த்தார். பார்வைக் குறைபாடுள்ள தம் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டி, 'அட்ரியானே' என்று அழைத்தார். பிற்சேர்க்கையாக அல்லாமல், தொடக்கத்திலிருந்தே பேசிக்கொண்டு எழும் இயக்க முறைமை அது.

நான் செய்த பிழை

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதல் குறையை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

மேற்சொன்ன வெற்றிக்குப் பின் நான் சற்றே தலைகனத்திருந்தேன். அடுத்த ஆண்டு, உடன் பணிபுரியும் மூத்த ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணிப்பொறியைக் கொண்டுவந்தார். காலமான அவருடைய தந்தையின் படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. இயக்கியபோது உள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓசை கேட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை. லைவ் தட்டை இட்டுப் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். கோப்புறையைத் திறந்த மாத்திரத்தில், அதிலுள்ள ஒவ்வொரு படத்திற்கும் சிறு முன்தோற்றம் காட்டுவதற்காக நிரல் ஒவ்வொரு கோப்பையும் வாசிக்கத் தொடங்கிவிட்டது. சில சிறு படங்கள் தோன்றின. "இதோ அப்பா!" என்றார் அவர். ஓசை பெருகியது, இருபது நிமிடத்தில் டிஸ்க் முற்றிலும் மௌனமாகிவிட்டது. ஒரு படத்தைக்கூட நாங்கள் பிரதியெடுத்திருக்கவில்லை.

என்ன நடந்தது? மடிக்கணிப்பொறி டிஸ்க்குகள் பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுழல்கின்றன. வாசிக்கும் முனை அந்தத் தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின் மேல் மிதக்கிறது. முனையோ தட்டின் மேற்பரப்போ சேதமடைந்திருந்தால், ஒவ்வொரு முயற்சியும் காயத்தை மேலும் கீறிப் பெரிதாக்கலாம். எனவே, சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் கோப்புறைகளைத் திறந்து உலாவக்கூடாது. சேதமில்லாத பகுதிகளை முதலில் முழுவதும் பிரதியெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைத் தாண்டிச் சென்று, பின்னர் மெல்லத் திரும்பி வந்து முயல வேண்டும். இதைச் செய்வதற்கென்றே 'டிடி-ரெஸ்க்யூ' என்ற நிரல் இருக்கிறது. அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் 2004இல் எழுதியது அது. எந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும்; இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மதிப்புமிக்க பொருளாக இருந்து, ஓசையும் கேட்டால், அதைக்கூட முயலாமல் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் வல்லுநரிடம் கொடுப்பதே முறை.

பிழை என்னுடையது, அதை மறைக்கவில்லை. ஆனால் விமர்சகனாக ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. டிடி-ரெஸ்க்யூ போன்ற அரிய கருவி இத்தகைய தட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் அது கறுப்புச் சாளரத்தில் தட்டச்சு செய்து அழைக்க வேண்டிய கட்டளையாக ஒளிந்து கிடக்கிறது. கண்ணுக்கு முன்னே நிற்பது அழகிய கோப்புறைப் படந்தான். "உங்கள் டிஸ்க் ஓசை எழுப்புகிறதா?" என்ற ஒரே ஒரு கேள்வியை முதல் திரையில் கேட்டிருந்தால் எத்தனை குடும்பங்களின் நினைவுகள் தப்பியிருக்கும்! மீட்புப் பணிக்கென்றே தொகுக்கப்பட்ட 'சிஸ்டம் ரெஸ்க்யூ' போன்றவையும் இவ்வகையில் கற்றவர்க்கே கைகொடுக்கின்றன.

மேலும் இரு குறைகள்

'ஹார்டு டிஸ்க்கைத் தொடாது' என்பதே லைவ் தட்டுகளைப் பற்றிச் சொல்லப்படும் பெருமை. இது முழு உண்மையன்று. பழுதான கணிப்பொறியில் லினக்ஸின் 'ஸ்வாப்' பகுதி இருந்தால், க்னாப்பிக்ஸ் அதைத் தானாகவே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். 'நோ-ஸ்வாப்' என்று தொடக்கத்திலேயே சொன்னாலன்றி நிற்காது. சாதாரணப் பயனருக்கு இது பெரிய கேடில்லை. ஆனால் அழிந்த கோப்பைத் தேடுபவருக்கும், தடயம் ஆராய்பவருக்கும் இது பெருங்குறை.

மற்றொன்று மொழி. மொழி, திரை, நினைவகம் ஆகியவற்றைப் பற்றிய விருப்பங்களைத் தொடக்க வரியில் குறிச்சொற்களாகத் தட்டச்சு செய்ய வேண்டும். 'டு-ராம்' என்று சேர்த்து எழுதினால் தட்டு முழுவதும் நினைவகத்துக்கு ஏறிக்கொள்ளும் என்பதைப் போல எத்தனையோ! இவற்றை அதன் அன்பர்கள் 'சீட்-கோட்' என்றே அழைத்தார்கள். விளையாட்டுகளில் குறுக்குவழிக்கு வழங்கும் சொல் அது. நள்ளிரவில் ஆய்வேட்டை இழந்து தவிக்கும், ஆங்கிலம் அதிகம் அறியாத மாணவருக்கு இது விளையாட்டாகத் தோன்றாது. பார்வையற்றோரை நினைத்த படைப்பு, பதற்றமுற்றோரையும் சற்று நினைத்திருக்கலாம்.

காலம் மாற்றிய களம்

இனி, படைப்பின் குற்றமாகாத, ஆனால் வாசகர் அறிந்திருக்க வேண்டிய சில மாற்றங்களைச் சொல்கிறேன். இன்றைய மடிக்கணிப்பொறிகளில் குறுந்தட்டு வாசலே இல்லை. இதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதே நிரலைப் பென் டிரைவில் பதிந்து இயக்கலாம். உண்மையான தடைகள் வேறு.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், கணிப்பொறியை 'நிறுத்தினாலும்' அது முழுதும் நிற்பதில்லை. விரைவாக எழுவதற்காகத் தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் கொள்கிறது. அந்நிலையில் லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டுமே திறப்பது வழக்கம். அதில் எழுத முயல்வது ஆபத்து. இரண்டாவது தடை, மறைகுறியாக்கம். 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் '24எச்2' பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தால், டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. அப்போது லைவ் பென் டிரைவ் காண்பது வெறும் எண் குப்பையே. 48 இலக்க மீட்பு எண் இருந்தால் லினக்ஸிலிருந்தும் அதைத் திறக்க முடியும். இல்லையேல் எவராலும் இயலாது. திருடனைத் தடுக்கும் பூட்டு, சாவியைத் தொலைத்த உரிமையாளரையும் தடுக்கத்தானே செய்யும்?

மூன்றாவது, எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு வட்டுகள். காந்தத் தட்டில் ஒரு கோப்பை அழித்தாலும், அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை எண்கள் அங்கேயே இருக்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய 'ஃபோட்டோ-ரெக்' போன்ற நிரல்கள் அவற்றைத் தேடியெடுத்துவிடும். சில்லு வட்டிலோ, "இந்த இடம் இனித் தேவையில்லை" என்று இயக்க முறைமை தெரிவித்துவிடுகிறது. வட்டு தன் ஓய்வு நேரத்தில் அவ்விடத்தை வெறுமையாக்கிவிடும். மேலும், சாகும் முன் அது 'டிக், டிக்' என்று எச்சரிப்பதுமில்லை.

"டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டிப் பார்த்தால் போகிறது, இந்தத் தட்டு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மூன்றாம் வகை நோயில், அதாவது தாய்ப்பலகையே பழுதானால், அதுவே வழி. ஆனால் அதற்கு இன்னொரு கணிப்பொறி வேண்டும். கழற்றும் திறமை வேண்டும். இக்காலச் சில மடிக்கணிப்பொறிகளில் வட்டு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்றவே முடியாது. அன்றியும், மாட்டிய கணிப்பொறி அந்த டிஸ்க்கைப் 'பழுதுபார்க்க' முனைந்து அதில் எழுதத் தொடங்கினால், உள்ளதும் போகும்.

முடிவாக

என் தீர்ப்பு இதுதான். லைவ் தட்டு சிறந்த முதலுதவிப் பெட்டி. அறுவைச் சிகிச்சைக் கூடமன்று. இயக்க முறைமை மட்டும் சிதைந்த கணிப்பொறியில் அதற்கு நிகரில்லை. டிஸ்க்கே பழுதானபோது, அறியாதவர் கையில் அது தீங்கும் செய்யும். எந்நிலையிலும் அது முன்கூட்டியே எடுத்துவைத்த பிரதிக்கு ஈடாகாது.

எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் இப்போது தமிழில் எழுதிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. நீங்களும் அதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

1. வழக்கமில்லாத ஓசை கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துக. வேறெதுவும் செய்யற்க.

2. ஓசை இல்லையேல், முன்பே தயாரித்து வைத்த லைவ் பென் டிரைவிலிருந்து இயக்குக.

3. மறுபடியும் உண்டாக்க முடியாதவற்றை முதலில் பிரதியெடுக்க: அளவீடுகள், எழுத்துகள், குடும்பப் படங்கள். திரைப்படமும் பாட்டும் கடைசியில்.

4. பிரதியை வேறு கருவியில் மட்டுமே வைக்க. அதே டிஸ்க்கில் எதையும் எழுதற்க.

5. பிரதியை வேறு கணிப்பொறியில் திறந்து சரிபார்க்க.

6. இவ்வளவும் முடிந்த பின்பே 'ஃபார்மேட்' என்ற சொல்லைக் காதில் வாங்குக.

மாணவ நண்பர்களே! நீச்சலை வெள்ளம் வந்த பிறகு கற்க முடியாது. உங்கள் கணிப்பொறி நல்ல நிலையில் இருக்கும் இன்றே ஒரு லைவ் பென் டிரைவைத் தயாரித்து, அதிலிருந்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எந்த விசையை அழுத்தினால் தொடக்கப் பட்டியல் வருகிறது, உங்கள் டிஸ்க் திறக்கிறதா, மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அந்த 48 இலக்க எண் எங்கே இருக்கிறது என்பவற்றைத் தெரிந்து, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அதே அமர்வில், உங்கள் முக்கியக் கோப்புகளுக்கு ஒரு பிரதியும் எடுத்துவிடுங்கள். எங்கள் மூத்த ஆசிரியருக்கு அந்த ஒரு பிரதி இருந்திருந்தால், என் கைத்திறனை அவர் நம்ப வேண்டிய தேவையே வந்திருக்காது.